கோயிலாழ்வார் ஏறவில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய கம்பெனி குவார்ட்டர்ஸ் வாசலில், ஒரு நாள் தாமதமாக வந்து நின்ற லாரியிலிருந்து கடைசிச் சாமானாக அம்மிக்கல் இறங்கியது. அதற்கப்புறம் லாரியில் வைக்கோல்தான் மிச்சம்.

"கோயிலாழ்வார் எங்கே?" என்று கேட்டார் ரங்காச்சாரி. எழுபத்தெட்டு வயது. முந்தின நாள்தான் திருவள்ளூர் வீட்டை விட்டு மகனோடு இருக்க வந்தவர்.

மகன் ஸம்பத்குமார் லாரிமேல் ஏறி வைக்கோலைப் புரட்டினான். முன்பக்கம் டிரைவர் சீட்டையும் எட்டிப் பார்த்தான். இறங்கிவந்து டிரைவர் யேசுதாஸின் சட்டையைப் பிடித்தான்.

"கோயிலாழ்வாரை என்னடா பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். அவரு மேல கையே வெக்கல. அவரு வண்டியில ஏறவே இல்ல" என்றான் யேசுதாஸ். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

ரங்காச்சாரி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸம்பத்குமார் போலீசுக்கு ஆள் அனுப்பினான்.

சப்-இன்ஸ்பெக்டர் குப்புராஜ் பத்து மணி வாக்கில் வந்தார். பொன்னேரிக்காரர். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை காத்திருப்பார், அவ்வளவுதான். அதுவே பல பேருக்குத் தாங்காது.

"இன்னா சார், ஆள் காணோமா?"

"ஆமாம், கோயிலாழ்வார். நேத்து சாயங்காலம் திருவள்ளூர்லேர்ந்து இந்த லாரியில கிளம்பியிருக்கணும்."

"வயசு இன்னா இருக்கும்?"

"இருநூறுக்கு மேல இருக்கும்" என்றான் ஸம்பத்குமார், யோசனையாக.

குப்புராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒசரமா? குள்ளமா?"

ஸம்பத்குமாரின் மனைவி ஹேமாம்புஜம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். மாமனார் பட்டினி கிடக்கிற வீட்டில் சிரிக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிறகு அவள்தான் விளக்கினாள்.

"ஆள் இல்லை சார். பெருமாள் பெட்டி. எங்க வழக்கத்துல ஆத்துப் பூஜைப் பெட்டிக்கு அதான் பேர். தேக்குல பண்ணினது, பித்தளைப் பூண் போட்டிருக்கும். உள்ளே சாளக்கிராமம்."

"பெட்டியவா அவரு இவருன்னு சொல்றீங்க?"

"பெருமாள் இருக்கிற இடம் இல்லையா? அது இதுன்னு சொல்ல வாய் வராது."

"நல்லா மாட்டிக்கினேன் போ" என்று குப்புராஜும் சிரித்தார். தன்னைப் பார்த்துப் பிறர் சிரித்ததை அவர் மறப்பதில்லை. கோபத்தால் அல்ல. எங்கே சறுக்கினோம் என்று திரும்பப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

சிரிக்கிற விஷயம் அதோடு முடிந்தது. பெருமாளுக்குத் தளிகை கண்டருளப்பண்ணாமல், அதாவது சமைத்ததை அவருக்கு நிவேதனம் செய்யாமல், ரங்காச்சாரி வாயில் எதையும் வைக்கமாட்டார். பெருமாளைத் தனியே விட்டு வந்த நேற்று மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. காலையில் வந்து பார்த்த கம்பெனி டாக்டர், சாயந்திரத்துக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் ஆஸ்பத்திரிதான், அங்கேயும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பெருமாள் பட்டினி. நான் எப்படிச் சாப்பிடுவேன்?" என்றார் கிழவர், யார் கேட்டாலும்.

குப்புராஜ் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். லாரி நேற்றுக் காலை திருவள்ளூருக்கு வருவதாகப் பேச்சு. லாரிக்காரன் 'காலையில்' என்று சொன்னால் எந்தக் காலை என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இவர்கள் கேட்கவில்லை. லாரி ஷெட் முதலாளி பரசுராமன் வண்டியை நெல் லோடுக்கு அனுப்பிவிட்டு, "இதோ வந்துகினே இருக்கு சாமி" என்று மதியம் வரை போனில் பூசி மெழுகினான். நேற்றை விட்டால் குடி வருவதற்கு வேறு நல்ல நாள் சமீபத்தில் இல்லை. அப்பாவும் மகனும் ரயிலேறிவிட்டார்கள்.

"பெட்டிய ஏன் ரயில்ல கொண்டாரல?"

"நாலு பேர் இடிச்சுண்டு வர நெரிசல்ல பெருமாளைத் தூக்கி ஏளப்பண்ண மாட்டேன்னுட்டார் அப்பா. லாரி முன் சீட்டுல வெச்சு அனுப்பச் சொல்லி சித்தப்பாகிட்ட ஒப்படைச்சுட்டு வந்தோம்."

சித்தப்பா யதிராஜன், ரங்காச்சாரிக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர். போன வருஷம் கண் மங்குகிறவரை கோயில் மடைப்பள்ளியில் சமையல். வீட்டிலும் அவர்தான் தளிகை பண்ணுவார், அண்ணன் பூஜை, அதாவது திருவாராதனம், பண்ணுவார். காலையில் எழுந்தால் இரண்டு பேருக்கும் அதுதான் வேலை.

"அவரு இங்க வரலியா?"

"இது ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ் சார்" என்றான் ஸம்பத்குமார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குப்புராஜ் லாரியைச் சுற்றிப் பார்த்தார். டிரைவர் பக்கம் ஒரே அழுக்கு. பக்கத்து சீட் மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தது. அதன்மேல் ஒரு தலையணை. கீழே, கதவோரமாக, உடைக்காத கோலி சோடா ஒன்று.

"சொகுசைப் பார்த்தேளா? தலையணையாம், சோடாவாம். வழியில நன்னாத் தூங்கியிருக்கான், அதான் லேட்" என்றான் ஸம்பத்குமார்.

யேசுதாஸைக் கான்ஸ்டபிள் வாசற்படியில் உட்கார வைத்திருந்தார். குப்புராஜ் எதிரில் குந்தினார்.

"எப்ப போன திருவள்ளூருக்கு?"

"நாலு மணி இருக்கும் சார்."

"சாமான் ஏத்த எவ்ளோ நேரம்?"

"அஞ்சுக்கெல்லாம் முடிஞ்சுது. ஆழ்வாரு வரணும்னு வெய்ட் பண்ணிகினு இருந்தேன். ஞாயித்துக்கெழமை சாமான் பாக்க போனப்போ பெரிய சாமி கண்டிசனா சொல்லிச்சு. கோயிலாழ்வார் முன் சீட்டுல வருவார், அவர் ஏறாம வண்டி கெளம்பக் கூடாது, சீட்ட கழுவி வெய்யி, பீடி புடிக்காதேன்னு. கழுவினேன். பீடிய தொடல."

"அப்புறம்?"

"இருட்டிகினு வந்துச்சு. ஊட்டுல இருந்த சின்ன சாமி வந்து, இன்னிக்கு ஆழ்வார் வரமாட்டார், நீ கெளம்புன்னாரு. ஹெட்லைட் வேற மக்கர். பெரியபாளையத்துல படுத்துட்டு விடிஞ்சதும் வந்தேன்."

"அண்டப்புளுகு. சித்தப்பா ஏன் அப்படிச் சொல்லப்போறார்? அவர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை" என்றான் ஸம்பத்குமார்.

குப்புராஜ் கம்பெனி ஆபீஸுக்குப் போய் லாரி ஷெட்டுக்குப் போன் போட்டார். வண்டி மதியத்துக்கப்புறம்தான் திருவள்ளூருக்குப் போனது என்று பரசுராமன் ஒப்புக்கொண்டான். திருவள்ளூர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கும் போட்டு, யதிராஜனைக் கையோடு கிளம்பி வரச் சொன்னார்.

மதியம் மூன்று மணிக்கு யதிராஜன் வந்து சேர்ந்தார். ஒடிசலான உடம்பு. தோளில் ஒரு பை, கையில் மூடி போட்ட சின்னப் பித்தளைச் செம்பு. அண்ணன் படுத்திருந்த கோலத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சித்தப்பா, செம்பைக் கொடுங்கோ, உள்ளே வைக்கிறேன்" என்று ஹேமாம்புஜம் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா. ரயிலுக்குக் குடிதண்ணி. தொண்டை வறண்டு போச்சு, கொஞ்சம் தீர்த்தம் கொடேன்."

அவள் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்ததை அண்ணாந்து குடித்தார். செம்பு இடது கையிலேயே இருந்தது.

"நேத்து இன்னா நடந்துச்சு சாமி?" என்றார் குப்புராஜ்.

"என் கையாலேயே முன் சீட்டுல ஏளப்பண்ணினேன். 'இதோ பாரு, இதுதான் கோயிலாழ்வார், ஜாக்கிரதையா கொண்டு போ'ன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ளே வந்தேன்."

"நல்லா ஞாபகம் இருக்குதா? அப்படியேதான் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

ஸம்பத்குமார், "கேட்டாச்சோன்னோ? அவனை உள்ளே தள்ளுங்கோ சார், உண்மை தானா வரும்" என்றான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் குப்புராஜ். யேசுதாஸைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்தினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. அந்த தலகாணி யாருக்கு?"

"என்னுதுதான் சார். ஆழ்வாருக்குப் போட்டேன். சீட்டு கட்டாந்தரையாட்டம் இருக்கும், ரோடு வேற மோசம்."

"சோடா?"

"வயசானவரா இருப்பாரு, தாகம் எடுக்கும்னு வாங்கி வெச்சேன்."

ஹேமாம்புஜத்துக்குத்தான் முதலில் விளங்கியது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"காலைல நான் இன்னா கேட்டேன்? வயசு இன்னா, ஒசரமா குள்ளமான்னு" என்றார் குப்புராஜ். "நீங்க பேசறத கேட்டு நான் எங்க சறுக்கினேனோ அங்கதான் இவனும் சறுக்கியிருக்கான். நான் அப்பவே கேட்டு தெரிஞ்சிக்கினேன். இவன்கிட்ட யாரும் சொல்லல. 'ஆழ்வாரை என்னடா பண்ணினே'ன்னு நீங்க சட்டைய புடிச்சீங்க. 'அவரு மேல கை வெக்கல'ன்னான். கொலைக் கேஸுல மாட்டிக்கினோம்னு காலைலேர்ந்து நடுங்கிகினு இருக்கான் பாவம்."

"கொலை இல்லியா சார்?" என்றான் யேசுதாஸ்.

"இல்லப்பா. உக்காரு." குப்புராஜ் யதிராஜன் பக்கம் திரும்பினார். "இதுதான் கோயிலாழ்வார்னு பெட்டிய காட்டிக் குடுத்திருந்தா, இவன் எதுக்கு சாமி இன்னி வரைக்கும் அத ஒரு ஆளுன்னு நெனச்சிக்கினு இருக்கான்? பெட்டி அந்த சீட்டுக்கு வரவே இல்ல. இவன் சொன்னது அத்தனையும் நெசம். நீங்க சொன்னதுதான் பொய்."

ஸம்பத்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குப்புராஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொண்ணு. கையில குடிதண்ணி செம்ப வெச்சிகினே தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சீங்க. செம்ப இவ்ளோ நேரமா தரையில வெக்கவும் இல்ல. அதுல இருக்கறது குடிக்கற தண்ணி இல்ல, பெருமாள் தீர்த்தம். அண்ணனுக்குன்னு கொண்டாந்தீங்க. அத குடுத்தா குட்டு ஒடைஞ்சிடும்னு கையில புடிச்சிகினு நிக்கறீங்க. குடுத்துடுங்க சாமி. அவரு ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு."

யதிராஜன் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மூடியை எடுத்தார். துளசியும் பச்சைக் கற்பூரமும் கூடமெல்லாம் மணத்தது. பையிலிருந்த உத்தரணிக் கரண்டியால் எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் விட்டார்.

ரங்காச்சாரி கண்ணைத் திறக்காமலே உறிஞ்சினார். நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"இது கோயில் தீர்த்தம் இல்லை. ஏலக்காய் ஜாஸ்தி விழுந்திருக்கு. நம்மாத்துத் தீர்த்தம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். "பெருமாள் பட்டினி இல்லையாடா?"

"இல்லை அண்ணா. நேத்து ராத்திரியும் தளிகை ஆச்சு, இன்னிக்குக் காலம்பறவும் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி நானே திருவாராதனம் பண்ணினேன். அவர் இருந்த இடத்துலேயேதான் இருக்கார். ஒரு அங்குலம்கூட நகர்த்தலை."

"பொருள் எங்கியும் போகல சார். நவுந்தது நீங்கதான்" என்றார் குப்புராஜ் ஸம்பத்குமாரிடம். "அந்த ஊட்ட தொறந்து பாக்கணும்னு நமக்கு யாருக்காவது தோணிச்சா? இவனைத்தான் பாத்தோம்."

"ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்றார் ரங்காச்சாரி. கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

"பெருமாள் அங்கே இருந்தா நீங்க திரும்பி வந்துடுவேள்னு நினைச்சேன். பட்டினி கிடப்பேள்னு எனக்குத் தோணலை, அது என் புத்திகெட்டதனம்." யதிராஜன் செம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "லாரிக்குச் சொன்னேள். ஆட்டுக்கல், அம்மி, ஓட்டைத் தவலை, எதையும் விடாம ஏத்தச் சொன்னேள். நீயும் வரயாடான்னு என்னை ஒருத்தரும் கேட்கலை. நீங்களும் கேட்கலை அண்ணா. காலம்பற எழுந்து யாருக்குன்னு நான் அடுப்பு மூட்டறது?"

ரங்காச்சாரி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் கேட்டிருக்கணும். ஸம்பத் ஆத்துல உனக்கு இடம் நாம எப்படிக் கேட்கிறதுன்னு இருந்துட்டேன்" என்றார். அழுதுவிட்டார்.

ஸம்பத்குமார் தலை குனிந்து நின்றான். ஹேமாம்புஜம்தான் முந்திக்கொண்டாள். "அந்த அம்மிக்கு இடம் இருக்கு, சித்தப்பாவுக்கு இருக்காதா? அதைக் கொல்லையில போட்டா ஆச்சு."

யேசுதாஸிடம் போய் நின்றான் ஸம்பத்குமார். "தப்பு என்மேலதான்ப்பா. மனசுல வெச்சுக்காதே" என்றான். யேசுதாஸ் கசங்கின சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டான்.

"பரவால்ல சார். நான் இப்ப திருவள்ளூருக்குக் காலி வண்டியாத்தான் போறேன். ஆழ்வாரு வராரா இல்லியான்னு சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

ரங்காச்சாரி தம்பியின் கையை விடாமலே அவனைப் பார்த்தார். "வருவார். பெருமாளை மடியில வெச்சுண்டு முன் சீட்டுல வருவார். அவர் ஏறாம வண்டி கிளம்பக் கூடாது."

யேசுதாஸ் யதிராஜனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"நான் நெனச்ச மாரியேதான் சார் இருக்காரு" என்று குப்புராஜிடம் சொல்லிவிட்டு, தலையணையைத் தட்டிப் போட லாரிக்குப் போனான்.