வெண்படலம்

"உங்கள் வீட்டில் பூஞ்சை..." என்று நோயறி கேட்டு முடிப்பதற்குள்ளேயே வசுமதி, "இல்லை," என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் அறிவழகன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இருமல் வரும் என்பது ஒரு காரணம். நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம். இந்த நல்ல குணம் மட்டும் அவனுக்கு இல்லாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நோயறி ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. மருத்துவமனைச் சுவரில் பதித்த சாம்பல் நிறத் தகடு. அதன் முன்னால் மூச்சை ஊதினால் போதும். ஊசியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். மூச்சில் இருப்பதையும், அவரவர் வீட்டிலிருந்து வரும் தகவலையும் சேர்த்துப் பார்த்து நோயைச் சொல்லிவிடும். மருந்துப் பெட்டியின் பூட்டும் அதன் வசம்தான். அது சம்மதிக்காமல் எந்த டாக்டராலும் ஒரு மாத்திரைகூட எடுக்க முடியாது.

"வீட்டுத் தகவலும் அப்படியே சொல்கிறது. தூசி ஒவ்வாமை," என்று தீர்ப்புச் சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு பட்டை மாத்திரையைத் தள்ளியது நோயறி.

வீட்டுத் தகவல் அப்படி எப்படிச் சொன்னது என்பதுதான் கூத்து.

சென்னையின் ஈரப்புழுக்கம் ஆளைக் கொல்லும் அளவுக்குப் போனபிறகு, அடுக்ககங்களின் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டார்கள். தரைத்தளத்திலிருந்து உச்சிவரை ஓடும் காற்றுத்தண்டு என்ற குழாய்தான் எல்லா வீட்டுக்கும் மூச்சு. குளிர்ச்சிக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் குளித்த ஆவி போக வழியில்லை. முதலில் குளியலறை சீலிங்கின் மூலையில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் வந்தன. பிறகு புள்ளிகள் கைகோத்துக்கொண்டன.

வசுமதி சும்மா இருக்கவில்லை, பாவம். ஏணி போட்டு ஏறி பிளீச்சிங் பவுடரால் தேய்த்தாள். போயிற்று. திரும்பி வந்தது. வினிகர், சோடா உப்பு, அப்புறம் பெயின்ட். பெயின்டுக்கு மேலேயே வந்தது, வெட்கமில்லாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த நாத்தனார் குளியலறைக்குள் போய்விட்டு, வெளியே வந்து, சாம்பார் ஊற்றிக்கொண்டே, "ஏன் வசு, மேல பூசணம் பூத்திருக்கே, வீட்டைப் பார்த்துக்க உனக்கு நேரம் பத்தலையோ?" என்றாள். அந்த வீட்டில் ஓர் ஆணும்தான் குடியிருக்கிறான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. வசுமதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் படலங்கள் சந்தைக்கு வந்தன. முதலில் வந்தது பூஞ்சையைத் தின்று ஒழிக்கிற படலம். நல்ல சரக்கு. ஆனால் ஒழிய ரெண்டு மாசம் ஆகும், அதுவரை கறை தெரியும். ஒருத்தரும் வாங்கவில்லை. அடுத்து வந்தது வெண்படலம். சீலிங்கில் ஒட்டினால் அடியில் எது இருந்தாலும் மேலே பால்வெள்ளையாகக் காட்டும். ஒட்டிய நிமிஷமே கறை காணாமல் போகும். அதை வாங்கக் கடையை மொய்த்தார்கள். வெண்படலத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சீலிங் எப்படி இருக்கிறது என்று நோயறிக்குத் தகவல் அனுப்புவது. அது தன் வெள்ளையைத் தானே பார்த்து, 'சுத்தம்' என்று அனுப்பியது.

ஊர் முழுக்க எல்லா வீடும் சுத்தம். நாலு வருஷம் இதையே கேட்ட நோயறி, இல்லாத பூஞ்சையை எதற்குத் தேடுவது என்று அதைத் தன் நோய்க் காரணங்களிலிருந்தே எடுத்துவிட்டது. கேள்வி மட்டும் சம்பிரதாயத்துக்கு மிச்சம்.

தூசி மாத்திரை கேட்கவில்லை. அறிவழகன் இளைத்தான். மாடிப்படி ஏறுவது போய், சட்டைப் பித்தான் போடவே மூச்சு வாங்கியது. வசுமதி படலத்தின் ஓரத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தாள். அடியில் சீலிங்கே இல்லை. ஈரக் கம்பளி மாதிரி கறுப்பாகத் தொங்கியது. உடனே ஒட்டிவிட்டாள். யாரும் பார்க்கவில்லையே என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். சொந்த வீட்டில்!

மறுநாள் தனியாகப் போய் டாக்டர் ரெஜினாவின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். சொல்வதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நாள்?" என்றார் ரெஜினா. "நான் நம்பறேன்மா. நோயறி நம்பாது. ஒரு வீடு சொன்னா பிழைன்னு தள்ளிடும். ஒரே காற்றுத்தண்டுல இருக்கிற மூணு வீடு கைப்பதிவு வெச்சாத்தான் ஏத்துக்கும். அப்பத்தான் பூசணத்துக்கான மருந்துப் பெட்டி திறக்கும்."

"இதுவரைக்கும் எங்க அடுக்ககத்துல யாராவது வெச்சிருக்காங்களா டாக்டர்?"

"தெரியாது. மூணாவது வீடு வர்ற வரைக்கும் யார் வெச்சாங்க, எத்தனை பேர் வெச்சாங்கன்னு எனக்கே காட்டாது. மானம் போயிடும்னு ஜனங்க கேட்டுக்கிட்டதால அப்படிப் பூட்டி வெச்சிருக்காங்க. மூணு ஆனதும் மூணு வீட்டுப் பேரும் வெளியில வரும். எல்லா வீட்டுப் படலமும் தெளிஞ்சு கண்ணாடி ஆகிடும். இப்ப நீங்க முதல்ல கையை வைங்க."

அந்த அறைச் சுவரிலும் ஒரு தகடு இருந்தது. வசுமதி அதைப் பார்த்தாள். கார்முகில் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவள். வாசலில் 'கறையில்லா அடுக்ககம்' என்று பலகை மாட்டியதே அவள்தான். அதன் கீழே அவள் வீட்டு எண் வருவதா?

"வேற ரெண்டு பேர் வைக்கட்டும் டாக்டர். கடைசியா நான் வெச்சுடறேன்," என்றாள்.

"உங்க இஷ்டம். ஆனா சாருக்கு நாள் அதிகம் இல்ல," என்றார் ரெஜினா.

அன்று மாலையே வசுமதி கதவு கதவாகப் போனாள். மேல் வீட்டுப் பத்மப்ரியா பாதிக் கதவைத் திறந்து, "எங்க வீட்லயா? சேச்சே!" என்றாள். உள்ளே யாரோ விடாமல் இருமினார்கள். "டி.வி. ஓடுது," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற பொறியாளர் பொற்செல்வன், "நாங்க தினமும் பினாயில் போட்டுத் தொடைக்கிற குடும்பம்மா," என்று சொல்லும்போதே இருமிக் குனிந்துவிட்டார். "மிளகா வறுக்கறாங்க," என்றார். மிளகாய் வாசனை எதுவும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல வசுமதிக்கு வாய் வரவில்லை. அவளும் அதே பதிலைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாடி ஆயிஷாவின் வீட்டு வாசலில் மட்டும் மணியை அடிக்கக் கை எழவில்லை. போன வருஷம் ஆடி மாசம் இதே ஆயிஷா அவள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். "அக்கா, எங்க அண்ணனுக்கு இருமல் விடல. எங்க பாத்ரூம்ல பூசணம் இருக்கு. உங்க வீட்லயும் இருந்தா ஒரு கை வெச்சுடுங்கக்கா," என்று கெஞ்சியிருக்கிறாள். வசுமதி அப்போது சிரித்தாள். "நம்ம அடுக்ககத்துலயா? உங்க வீட்ல மட்டும்தான் இருக்கும். கொஞ்சம் சுத்தமா வெச்சுக்குங்க," என்றாள். அத்தோடு விட்டாளா? 'பூஞ்சை என்று வதந்தி பரப்ப வேண்டாம்' என்று சங்கக் குழுவில் எழுதியும் போட்டாள். கார்த்திகையில் ஆயிஷாவின் அண்ணன் இத்ரீஸ் இறந்துபோனார். வசுமதி துக்கம் கேட்கப் போய், ஆயிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அழுகை பொய்யில்லை. அதுதான் இப்போது இன்னும் கேவலமாக இருந்தது.

மணி அடித்தாள். ஆயிஷா திறந்தாள். வசுமதி தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க கை வெச்சுட்டீங்களா?" என்று கேட்டாள் ஆயிஷா.

"இல்லம்மா. நீங்க... வேற ரெண்டு பேர் வெச்சதும்..."

"போய் வைங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆயிஷா கதவைச் சாத்தினாள். முடியாது என்பதைத்தான் இவள் இப்படிச் சொல்கிறாள் என்று வசுமதி நினைத்துக்கொண்டாள். நியாயம்தான் என்றும் பட்டது.

விடிந்ததும் அறிவழகனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினான்.

"வசு... நீ ஏணில ஏறித் தேய்க்கும்போதெல்லாம்... கீழ நின்னு வேடிக்கை பார்த்தேனே... அக்கா உன்னைக் கேட்டப்பவும் சும்மா இருந்தேன். எனக்கே வெட்கமா இருக்குடி."

"பேசாதீங்க! இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று அதட்டினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மானமாவது மண்ணாங்கட்டியாவது! அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். ஒரு வீடு சொன்னால் பிழை என்று தள்ளிவிடும், தெரியும். தள்ளட்டும். அதன் காலில் விழுவதற்குக்கூடத் தயாராகத்தான் போனாள்.

தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, "எங்க வீட்டு பாத்ரூம் சீலிங்ல பூஞ்சை இருக்கு," என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

"நன்றி," என்றது நோயறி. "மூன்றாவது வீடு பதிவாகிவிட்டது."

மருந்துப் பெட்டி திறந்துகொண்டது. ரெஜினா ஓடிவந்து ஊசி மருந்தை எடுத்தார். வசுமதி கையை எடுக்க மறந்து அப்படியே நின்றாள். நோயறி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. "முதல் வீடு, ஐந்தாம் மாடி, ஆயிஷா. சென்ற ஆண்டு ஆடி மாதம். இரண்டாம் வீடு, தரைத்தளம், மரியசெல்வம். சென்ற ஆண்டு ஆவணி மாதம். மூன்றாம் வீடு, எட்டாம் மாடி, வசுமதி. இன்று."

கார்த்திகைக்கு முன்னால் ஒரே ஒரு கை போதுமாக இருந்திருக்கிறது. அந்தக் கை எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் வந்திருக்கலாம். ஆயிஷா தேடி வந்து கேட்டது இவளுடைய கையை.

மாலையில் கணவனுக்கு மாற்றுத் துணி எடுக்க வசுமதி வீட்டுக்கு வந்தபோது, அடுக்ககம் கல்யாண வீடு மாதிரி அமர்க்களப்பட்டது. எல்லார் வீட்டுப் படலமும் தெளிந்து, எல்லார் வீட்டுச் சீலிங்கும் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. கதவுகள் விரியத் திறந்து கிடந்தன. ஒருவர் வீட்டுக் குளியலறைக்குள் இன்னொருவர் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

"அட, உங்க வீட்லயுமா!"

"எங்க வீட்டை வந்து பாருங்க, யானை படுத்த மாதிரி இருக்கு!" என்றாள் பத்மப்ரியா, ஏறக்குறையப் பெருமையாக.

எல்லாருக்கும் இருந்ததால் யாருக்கும் வெட்கம் இல்லை. இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானக்கேடு அரை மணி நேரத்தில் காப்பியோடு ஆறிப்போயிற்று. எட்டாம் மாடி லிஃப்ட் வாசல் திரையில் மூன்று வீடுகளும் மாதங்களோடு ஓடிக்கொண்டிருந்தன. மேலே இருந்த இரண்டு வரியை யாரும் நின்று படிக்கவில்லை.

"இதோ செயலாளரே வந்துட்டாங்க! நம்ம யாருக்கும் இல்லாத தைரியம் இவங்களுக்குத்தான் இருந்திருக்கு!" என்றார் பொற்செல்வன். எல்லாரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள் வசுமதி. கைதட்டலில் எதுவும் எடுபடவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆயிஷா வந்தாள். திரையில் ஓடியதை அவள் படித்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. திட்டப்போகிறாள், நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போகிறாள் என்று வசுமதி நின்றாள். கேட்டால் தேவலை என்றிருந்தது.

"சார் எப்படி இருக்காருக்கா?" என்று கேட்டாள் ஆயிஷா.

அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"மருந்து கிடைச்சிடுச்சு," என்றாள் வசுமதி மெதுவாக. "பிழைச்சுக்குவாருன்னு சொல்றாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஆயிஷா. மனசாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஐந்தாம் மாடிக்குப் போனாள்.