செங்கல்வராயனுக்கு வந்த சேதி

முப்பத்தெட்டாயிரத்து எழுநூறு ரூபாய். வரதன் அபிஷேக்குக்குத் தரவேண்டிய பாக்கி அது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அந்தப் பையன் போன் பண்ணுவதையே நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேலாகிறது. விட்டது தொல்லை என்று வரதன் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக ஒரு சத்தம் அவன் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

வீட்டுக் குழாய் எல்லாம் இறுக்கமாகத்தான் மூடியிருந்தது. சத்தம் போனில் வந்தது. ராத்திரிக் காவல்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ரோல்காலில் செங்கல்வராயன் பேர் வந்ததும் "கீ... கீறேன் சார். எல்லாம் சரியா கீது" என்று ஒரு திக்குவாய்க் குரல் சொல்லும். அதோடு முடியவேண்டும். இப்போது முடிவதில்லை. குரல் நின்ற பிறகு, கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி ஒரு வெறுமை. அந்த வெறுமைக்குள் ஒரு சொட்டு.

சிக்னல் கோளாறு என்று தள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் வரதனுடையது. எப்போதோ ஒரு தடவை போனில் பதிந்து வைத்தது. செங்கல்வராயன் என்று ஒரு ஆளே கிடையாது.

திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கடலோரமாகப் பாதி கட்டினதும், முழுசாகக் கட்டி ஆள் வராததுமாக நிற்கிற பங்களாக்களுக்கு ராக்காவல் ஆள் அனுப்புகிறவன் வரதன். ஒரு காலத்தில் செய்யூர் பக்கம் மூட்டை தூக்கி, செங்கல் சுமந்து, கூலிக்காக மேஸ்திரிகள் பின்னால் நாயாய் அலைந்தவன்தான். "நாளைக்கு வா", "அந்த சைட்டாண்ட போய் வாங்கிக்கோ" என்று சொல்லிச் சொல்லியே அவன் வயசில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். கூலிக் கணக்கு எழுதுகிற மஸ்டரில் தன் பேர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முப்பது தாண்டி எழுத்துக் கற்றான். கற்ற பிறகு, அதே மஸ்டரில் இல்லாத ஆளின் பேரை எழுதப் பழக ரொம்ப நாள் ஆகவில்லை. ஒன்பது பங்களாவுக்கு எட்டு ஆள். ஒன்பதாவது பேருக்கு வருகிற சம்பளம் வரதன் பையில். தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஆள்கள் குடித்துவிட்டுக் கண்டபடி திட்டிக்கொண்டதைக் கேட்டு, பங்களா கம்பெனி மேனேஜர் ஜானகிராமன் வேறு ஏற்பாடு பண்ணச் சொன்னார். சிறுசேரி ஆபீஸில் வேலை போய், கேளம்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தனியாகப் புரோகிராம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த அபிஷேக்கை வரதன் பிடித்தான். கோயம்புத்தூர்ப் பையன். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஒரு பேச்சு லைன், எழுதப் படிக்கத் தெரியாதவனும் பொத்தானை அழுத்திப் பேசுகிற மாதிரி வேண்டும் என்றதும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"மூணு சர்வீஸ் வெச்சுத் தர்றேங்க சார். ஒண்ணு பேரைக் காக்கும். ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் நுழைய முடியாது. ஒண்ணு மணிக்கொரு தடவை ரோல்கால் எடுக்கும். இன்னொண்ணு, ஆள் லைன்ல இல்லாதப்ப வர்ற சேதியை வெச்சிருந்து, வந்ததும் குடுக்கும். எத்தனை நாள் ஆனாலும் அழியாதுங்க."

"அதெல்லாம் சரி தம்பி. திருவிடந்தை சைட்டுல செங்கல்வராயன்னு ஒருத்தன் கீறான். வாய் திக்கும், பேச வெக்கப்படுவான். அவன் குரலை ஒருவாட்டி புடிச்சுத் தரேன். கூப்ட்டா அதுவே சொல்றாப்ல பண்ணிடு."

பையன் நம்பினான். "பாவங்க" என்றுகூடச் சொன்னான்.

வேலை முடிந்தது, பாக்கி நின்றது. கடைசியாக வந்து வாசலில் நின்று, ரூம் வாடகைக்குக்கூட இல்லை சார் என்று அவன் கண் கலங்கினபோது, வரதன் வாயில் அந்தப் பழைய வார்த்தை தானாக வந்தது.

"உன் பாக்கித் துட்டை செங்கல்வராயன் கையில குடுத்து வெச்சிருக்கேன். சைட்டாண்ட போய் வாங்கிக்கோ."

இல்லாத ஆளிடம் அனுப்பினால் அலைந்து அலுத்து விட்டுவிடுவான் என்று கணக்கு. அப்படித்தான் விட்டுவிட்டான் போல. அதற்கப்புறம் போனே இல்லை.

இன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் ஜெபா பிடித்துக்கொண்டான். திருவிடந்தை சைட்டுக்கு எதிர் பங்களாவின் காவல்காரன்.

"இன்னா அண்ணாத்த, உன் செங்கல்வராயன் மூஞ்சிய எப்பதான் காட்டுவே? எதிர்த்தாப்ல கீறேன், ஒரு பீடிக்குக்கூட வெளிய வரமாட்டேங்குறான்."

"கூச்சக்காரன்டா அவன்."

"கூச்சமா? ராவெல்லாம் உள்ள இன்னாத்தையோ தட்டிகினு கீறான். டொக்கு டொக்குன்னு. வா மச்சான், டீ குடிக்கலாம்னு கேட்டாண்ட நின்னு கூப்ட்டேன். தட்டறது நின்னுச்சு. அப்பால இன்னும் வேகமா தட்றான்." ஜெபா சிரித்தான். "மரியாதை தெரியாத ஆளு அண்ணாத்த."

வரதன் டீயைக் கீழே வைத்தான். அப்போதுதான் ஜானகிராமன் போன் வந்தது.

"ராத்திரி ரோல்காலுக்கு நானே லைன்ல வரேன் வரதன். அந்தத் திருவிடந்தை ஆள்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். தினம் ஒரே மாதிரி சொல்றான்னு மேல சந்தேகப்படறாங்க. ஆள் இல்லேன்னு தெரிஞ்சுதுன்னா, ஒன்பது பங்களாவும் உங்க கையை விட்டுப் போயிடும்."

மகள் ஜாய்ஸின் காலேஜ் பீஸ் அந்த ஒன்பதில்தான் இருந்தது. ஜெபாவைச் செங்கல்வராயனாக நிற்க வைத்தால் குட்டு உடைந்துவிடும். திக்கிப் பேச வரதனுக்கே தெரியும். சைட்டுக்குள் நின்று பேசினால்தான் லைன் அந்தப் பேரை ஏற்கும், பையன் அப்படிக் கட்டியிருந்தான். வரதன் வண்டியை எடுத்தான்.

கேட்டைத் தள்ளினதும் துரு உள்ளங்கையில் ஒட்டியது. சவுக்குத் தோப்புக்குள் புகுந்து வருகிற கடற்காற்று, பூசாத சுவர்களின் ஜன்னல் ஓட்டைகளில் நுழைந்து, மாடிப்படிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை மெல்ல உரசி, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி ஒரு சத்தத்தை வீடு பூராவும் இழுத்துக்கொண்டு திரிந்தது. ஈர சிமெண்ட் வாடை. தூரத்தில் எங்கோ காய்கிற கருவாட்டு வாடை. அதற்கும் அடியில், மூக்குக்கு மட்டும் தெரிந்து மனசு பேர் சொல்ல மறுக்கிற இன்னொரு வாடை.

போன் வெளிச்சத்தில் முற்றம் தெரிந்தது. நடுவில் தரைக்குள் கட்டின தண்ணீர்த் தொட்டி. மேலே குறுக்காகப் போட்டிருந்த சென்ட்ரிங் பலகைகளில் ஒன்று நடுவில் முறிந்து உள்ளே தொங்கியது.

நாய் மிதித்திருக்கும். கனமான நாய்.

செங்கல்வராயன் பேரையும், அதற்குப் பையன் வைத்துத் தந்த ரகசியச் சொல்லையும் திக்கித் திக்கிச் சொன்னான். லைன் திறந்தது. இயந்திரப் பெண் குரல், பையன் சேர்த்து வைத்தது, பணிவாகச் சொன்னது.

"வணக்கம் செங்கல்வராயன். நீங்கள் இல்லாதபோது வந்த சேதிகள் இருக்கின்றன."

வேண்டாம் என்று அழுத்த அதில் பொத்தான் இல்லை.

"செங்கல்வராயன் அண்ணா, நான் அபிஷேக்குங்க. வரதன் சார் அனுப்பினாரு. கேட்டுக்கு வெளிய நிக்கிறேன்."

"உள்ள வந்துட்டேங்க. எங்க இருக்கீங்க? ஒரே இருட்டா இருக்கு."

அடுத்ததில் முதலில் மூச்சுதான் இருந்தது.

"அண்ணா... தொட்டிக்குள்ள விழுந்துட்டேன். கால் ஒடிஞ்சிருச்சு. தண்ணி நெஞ்சு வரைக்கும் இருக்கு. போன் உடைஞ்சு போச்சு, சைடு பட்டனை அழுத்தினா இந்த லைன் மட்டும்தான் வருது. உங்களுக்கு மட்டும்தான் போகுது. வாங்கண்ணா."

வரதன் முறிந்த பலகையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"பதிஞ்சு வெச்ச குரல்தான்னு தெரியும், ஆனா இப்ப ரோல்கால்ல நீங்களே பேசற மாதிரி இருக்குண்ணா. இருக்கேன்னு சொன்னீங்களே. எல்லாம் சரியா இருக்குன்னு. இங்கதானே இருக்கீங்க? நான் கத்தறது கேக்கலையா?"

"அண்ணா, மறுபடியும் சொல்றீங்க."

"அண்ணா, ஏன் எம்மேல கோவம்? காசு வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க."

அப்புறம் தட்டுகிற சத்தம் மட்டும். சேதி சேதியாக. டொக்கு. டொக்கு. ஒவ்வொன்றிலும் மெலிந்துகொண்டே போயிற்று. பிறகு வெறும் தண்ணீர்.

இத்தோடு முடிந்தது என்று வரதன் நினைத்தான்.

"நேற்று வந்த சேதி," என்றது பெண் குரல்.

மறுபடி தட்டல். பலமாக.

"இன்று வந்த சேதி."

தட்டல்.

"இப்போது வந்த சேதி."

"சார்," என்றது அபிஷேக்கின் குரல். மூச்சே கலக்காத குரல். "வந்துட்டீங்க."

காற்று நின்றிருந்தது. சவுக்கும் நின்றிருந்தது. ஓடு என்றது புத்தி. கால் கேட்கவில்லை. போனைப் போடு என்றது. விரல் விரியவில்லை.

ரோல்கால் மணி.

"செங்கல்வராயன்."

"என்னப்பா, இருக்கியா?" ஜானகிராமன்.

வரதன் வாய் திறந்தது. காற்றுகூட வரவில்லை.

காலடியில், பலகைக்குக் கீழே, அவன் தொண்டையை இறுக்கிப் பேசின அதே திக்கலோடு, அவன் குரல் சொன்னது.

"கீ... கீறேன் சார். எல்லாம் சரியா கீது."

"சாப்ட்டியா?"

"இ... இனிமேதான் சார்."

"சரி, நல்லா பார்த்துக்கோ. வரதன்கிட்ட சொல்லிடறேன், சந்தேகம் தீர்ந்துச்சுன்னு."

லைன் அறுந்தது.

முறிந்த பலகையை ஒட்டி ஒரு கை மேலே வந்தது. ஊறி, வெளுத்து, தோல் கையுறை மாதிரி தளர்ந்து. உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்தது. கூலி வாங்குகிற கை. வரதனுக்கு அந்த விரிப்பு தெரியும். எத்தனை வாசலில் அப்படி விரித்திருக்கிறான்.

சட்டைப் பையைத் துழாவி, இருந்த நோட்டெல்லாம் அதில் வைத்தான். கை மூடவில்லை. லேசாகச் சாய்ந்தது. நோட்டுகள் வழுக்கி உள்ளே விழுந்தன. தண்ணீர் சத்தம்.

"பாக்கி வேணாம் சார்." போனிலிருந்து வரவில்லை இது. "அத விட்டுட்டேன். கை குடுங்க. போதும்."

கை காத்திருந்தது.

வரதனின் வலது கை, அவனைக் கேட்காமல், மெல்ல நீண்டது.