பின் கேரியரில் கேட்ட சத்தம்

என்ஜினை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சை இழுத்து விடும் நேரம், நாலு சக்கர மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் எங்கோ டொக், டொக் என்று தனியாகத் தட்டிவிட்டுத்தான் அடங்கியது. சூடான இரும்பு ஆறும்போது இப்படித்தான் முனகும் என்று குகன் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் ஆறும் இரும்பு இவ்வளவு நிதானமாகத் தட்டுவதில்லை.

"கேட்டியா?" என்றார் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பிச்சைமுத்து, சீட்டை விட்டு இறங்காமலே.

"எங்கயோ நட்டு லூசா இருக்குண்ணே. பார்த்துடுறேன்."

"பார்க்கச் சொல்லல. நிப்பாட்டச் சொன்னேன். முடியலன்னா இப்பவே சொல்லிடு, குருபோங்குக்கே உன்னை பஸ் ஏத்தி விட்டுடுறேன்."

குகன் தலையை ஆட்டினான். அந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், குருபோங்கில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது முதலில் வெளியே வந்தவர்களில் அவனும் ஒருவன். செலண்டாருக்கு அப்பால் இருக்கும் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் மெக்கானிக் வேலை கிடைத்ததே பெரிது. மனைவி ஜெயா வயிற்றில் பிள்ளையோடு அம்மா வீட்டில் காத்திருந்தாள். தோட்டத்து வீடு ஒன்று ஒதுக்குவதும் ஒதுக்காததும் பிச்சைமுத்துவின் வாயில் இருந்தது.

அந்த மோட்டாரைப் பட்டறைக்குள் தள்ளி வந்த நாளிலிருந்து தோட்டத்தில் யாரும் அவனோடு பேசவில்லை. கடையில் அவன் நுழைந்தால் பெண்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். காலையில் பட்டறைக் கதவில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு காய்ந்து வழிந்திருந்தது. வெளியூர்க்காரன் என்பதால் வெறுக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தான்.

சத்தத்தைப் பிடிப்பது அவனுக்குத் தெரிந்த வேலை. என்ஜினை ஓடவிட்டு, உள்ளங்கையை ஒவ்வொரு தகடாக அழுத்திப் பார்க்க வேண்டும். எதை அழுத்தும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் குற்றம். முதலில் சைலன்சரின் மேல்மூடி அகப்பட்டது, கிளிப் தேய்ந்து தகரம் தகரத்தோடு உரசிக்கொண்டிருந்தது. அடித்தகட்டுக்குள் சிக்கியிருந்த கற்களைக் குத்தி எடுத்தான். முன்சக்கரத்து பேரிங் ஆடியது, மாற்றினான். மட்கார்டு இரும்பில் இடிக்கும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் போல வைத்து முடுக்கினான். ஒவ்வொரு சத்தமும் அடங்க அடங்க மோட்டார் சாதுவாகிக்கொண்டே வந்தது. நியாயமாக அவன் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் மேலே இருந்த இரைச்சல்கள் ஒன்றொன்றாகக் கழன்று விழ, அவற்றுக்கு அடியில் அந்த ஒரே சத்தம் மட்டும் துலங்கி வந்தது. பின் கேரியரின் இரும்புக் கம்பிகளிலிருந்து.

டொக். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

கேரியரைக் கழற்றினான், தேய்த்தான், புது போல்ட் போட்டான், எல்லா இணைப்புக்கும் ரப்பர் வைத்தான். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கம்பியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். என்ஜினின் துடிப்பு வேகம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது. இந்தத் தட்டல் மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது என்ஜினை மதிக்கவே இல்லை.

அன்று மத்தியானம் தேவமலர் தன் கைவண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கும் வேலை அவருக்கு. வண்டியின் சக்கரம் நெளிந்திருந்தது. ஜாக்கியில் தூக்கி வைத்திருந்த மோட்டாரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அதை ஏன் தம்பி போட்டு நோண்டுறீங்க?"

"சத்தம் வருதுக்கா. போக மாட்டேங்குது."

"வரட்டும்லா. அதுகூட வேணாமா அந்த ஆளுக்கு?"

குகன் ஸ்பானரைக் கீழே வைத்தான். தேவமலர் வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன மழைக்காலத்தில், கீழ் பிளாக்கில், சாமிக்கண்ணு என்கிற அறுவடைக்காரரின் பின்கழுத்தில், மரத்திலிருந்து ஒரு கனத்த பழக்குலை விழுந்தது. லோரி வெளியே போயிருந்தது. பிச்சைமுத்து அவரை இந்தக் கேரியரில் மல்லாக்கப் படுக்க வைத்து, கயிறு போட்டுக் கட்டி, பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோவதாகக் கிளம்பினார்.

"நேரா போகல தம்பி. நடிக்கிறான்னு சொல்லி, பிளாக்கெல்லாம் சுத்தி ஆளுங்கள விரட்டிட்டு அப்புறம்தான் போனாரு. சாமிக்கண்ணு அண்ணனுக்குப் பேச்சு வரல. உடம்புல ஒண்ணும் அசையல, வலது கை மட்டும்தான். அந்தக் கையால கம்பியத் தட்டிக்கிட்டே போனாரு. சிமெண்டுப் பாலத்துக்கிட்ட கையும் நின்னுச்சு, உயிரும் போச்சு." தேவமலர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "எனக்கு மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கை அசையிறது மட்டும் தெரிஞ்சுச்சு. பரவாயில்ல, நல்லா இருக்காருன்னு நெனச்சு நானும் திரும்பக் கை காட்டினேன்."

கைவண்டியைச் சரி செய்யாமலே உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பிச்சைமுத்து வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வானம் இன்னும் இருட்டவில்லை, ஆனால் செம்பனை வரிசைகளுக்குள் இருட்டு முன்னதாகவே வந்து குந்தியிருந்தது.

"முடிஞ்சுதா?"

"அண்ணே, இது நட்டு போல்ட் சத்தம் இல்லண்ணே."

பிச்சைமுத்துவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. தாடை மட்டும் ஒருமுறை இறுகியது. "யார் வந்தா இங்க?"

"யாரும் வரலண்ணே."

"பின்னால ஏறு."

"அண்ணே..."

"ஏறுடா. நான் ஓட்டுறேன். நீ கேரியர்ல உக்காந்து, எங்கேருந்து வருதுன்னு கைய வச்சுக் காட்டு. இன்னிக்கே காட்டணும். இல்லன்னா உன் பொண்டாட்டி இங்க வர வேண்டாம், நீயும் இருக்க வேண்டாம்."

குகன் ஏறினான். ஈரக் கம்பி கால்சட்டையை ஊடுருவிச் சில்லிட்டது. மோட்டார் பட்டறை வெளிச்சத்தை விட்டு விலகி, செம்மண் பாதையில் இறங்கி, கீழ் பிளாக் பக்கம் திரும்பியது. அழுகிய பழங்களின் புளித்த வாடையும் நனைந்த மட்டைகளின் வாடையும் இரண்டு பக்கமிருந்தும் வந்து மூக்கை அடைத்தன. மட்டைகள் மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வானத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கின. மோட்டார் அழகாக ஓடியது. அவன் போட்ட ரப்பர் ஒவ்வொன்றும் வேலை செய்தது. தகரம் இல்லை, கல் இல்லை, பேரிங் இல்லை. தன் வேலையின் நேர்த்தி அவனுக்கே பயமாக இருந்தது. அந்தத் தட்டலை மறைக்க இனி ஒரு சத்தம்கூட மிச்சமில்லை.

டொக்.

"வருது பாரு," என்றார் பிச்சைமுத்து, திரும்பாமல். "எங்கன்னு பாரு."

டொக். டொக்.

குகன் இடது கையைக் கம்பி கம்பியாக வைத்துப் பார்த்தான். முன்கம்பி. இல்லை. நடுக்கம்பி. இல்லை. பக்கத்துக் கம்பி அதிர்ந்தது. ஆமாம், இதுதான். மிக அருகில். தொடைக்குப் பக்கத்தில். குனிந்தான்.

அவனுடைய வலது கை.

விரல்கள் மடங்கியிருந்தன. கணுக்கள் கம்பியில் மோதின, எழுந்தன, மோதின. தோல் கிழிந்து இரத்தம் மழையோடு கலந்து ஓடியது. வலி இல்லை. கையை இழுக்கப் பார்த்தான். வரவில்லை. இடது கையால் அதைப் பிடிக்கப் போனான். இடது கை கம்பியிலிருந்து எழவே இல்லை.

பின்கழுத்தில் ஏதோ ஒன்று மெதுவாக, கனமாக, வந்து அமர்ந்தது போலிருந்தது.

கால்கள் இல்லை. இடுப்பு இல்லை. உடம்பு பின்பக்கமாகச் சரிந்தது, கேரியரில் மல்லாந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே ஓர் இறுக்கம். வயிற்றுக்குக் குறுக்கே ஒன்று. கயிறு எதுவும் இல்லை. இறுக்கம் இருந்தது. மழை கண்ணுக்குள் நேராக விழுந்தது. இமையை மூட முடிந்தது. அது மட்டும் முடிந்தது.

அண்ணே.

குரல் வரவில்லை. வாய் திறந்தது, அவ்வளவுதான்.

அண்ணே. நிப்பாட்டுங்கண்ணே.

டொக். டொக். டொக்.

பிச்சைமுத்துவுக்குக் கேட்டது. கேட்டது என்பது அவர் தோள்கள் உயர்ந்ததில் தெரிந்தது, பிடரி மயிர் சிலிர்த்து நின்றதில் தெரிந்தது. ஆனாலும் அவர் திரும்பவில்லை. திரும்பவே போவதில்லை.

"கொஞ்ச தூரம்தான்," என்றார், யாருக்கோ சொல்வது போல. "சிமெண்டுப் பாலம் வந்தா நின்னுடும். தினமும் அங்கதான் நிக்கும்."

ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

பெரிய ரோட்டுக்குப் பிரியும் பாதை வலப்பக்கம் வந்தது. தூரத்தில் ஒரு பஸ்ஸின் விளக்கு. மோட்டார் அந்தப் பாதையைத் தாண்டிப் போயிற்று. இருட்டு அடர்ந்தது. கை தட்டியது. வேகமாக. பிறகு அவ்வளவு வேகமாக இல்லை.

முன்விளக்கின் வெளிச்சத்தில், கால்வாய்க்குக் குறுக்கே, வெள்ளையடித்த சிமெண்டுப் பாலம் மெல்ல மெல்லத் தெரிந்தது.

டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.