முப்பத்திரண்டு முறை ‘ஒப்புக்கொள்கிறேன்’

தொப்!

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பூட்டுக் கம்பெனியின் சட்ட ஆலோசகர் தன் மேஜை மேல் குப்புறக் கிடந்தார். ஒரு கை கீபோர்டின் மேல்... மறு கை தொங்கிக்கொண்டு. மூக்குக்கண்ணாடி தரையில்.

முதலில் ஓடி வந்தவன் கம்ப்யூட்டர்க்காரன். அந்த ஆபீசில் உள்ள முப்பத்து மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் அவன்தான் டாக்டர். மனிதர்களுக்கு இல்லை. ஆகவே என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

திரையில் ஒரே ஒரு வரி.

‘நன்றி. நீங்கள் விதிமுறைகளை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.’

அவனுக்கும் தலை சுற்றியது.

“முதலுதவிப் பெட்டியத் திறங்க” என்றார் யாரோ.

“பூட்டியிருக்கு.”

“சாவி?”

“இதோ கெடக்குறாரே, இவர் பாக்கெட்லதான்.”

பூட்டுக் கம்பெனி என்றால் அப்படித்தான். அங்கே பிஸ்கட் டின்னுக்குக்கூட இரண்டு பூட்டு. கடைசியில் ஒரு பூ ஜாடியைக் கவிழ்த்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். காதில் ஒரு ரோஜாவோடு ஆலோசகர் கண் திறந்தார்.

“யார்...” என்று முனகினார். “யார் ஒத்துக்கிட்டது?”

அவரை எல்லாரும் ‘ஷரத்து சார்’ என்பார்கள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து முடிக்காமல் சீட்டில் உட்கார மாட்டார். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தவர். மாமனார் அதைக் கவனிக்கவில்லை. அதனால்தான் கல்யாணம் நடந்தது.

மூன்று வாரமாக அவர் கையில் ஒரு புதுப் பிரவுசரின் விதிமுறைகள் இருந்தன. அச்செடுத்தால் நாற்பது பக்கம். அதில் ஒன்பதாம் பக்கத்தில், பதினோராவது ஷரத்து:

‘இந்தப் பிரவுசர் வழியாக நீங்கள் தட்டுவது, அனுப்புவது, காட்டுவது எதையும் நாங்கள் உலகெங்கும், என்றென்றும், இலவசமாகப் பயன்படுத்தலாம். பிறருக்கும் காட்டலாம்.’

சாதாரணக் கம்பெனியாக இருந்தால் பரவாயில்லை. இது பூட்டுக் கம்பெனி. எந்தத் திருடனாலும் திறக்க முடியாத புதுப் பெட்டகப் பூட்டின் வரைபடம் இதே கம்ப்யூட்டர்களில்தான் இருந்தது. அதை உலகெங்கும் காட்டினால், உலகெங்கும் உள்ள திருடர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

“நான் கையெழுத்துப் போடுற வரைக்கும் ஒருத்தரும் அந்தப் பட்டனைத் தொடக்கூடாது” என்று ஷரத்து சார் சொல்லியிருந்தார்.

யாரோ தொட்டிருந்தார்கள்!

ஒன்றை அல்ல. கம்ப்யூட்டர்க்காரன் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனான். நன்றி... நன்றி... நன்றி...

முப்பத்திரண்டு நன்றி.

---

“உள்ள வா” என்றார் முதலாளியம்மா.

அவர் சத்தம் போட மாட்டார். பென்சில் சீவுவார். இப்போது மூன்றாவது பென்சில்.

“பதினோரு மணிக்கு பேங்க்காரங்க வர்றாங்க. அவங்க ஆர்டர் போடுற சைட்டு புதுப் பிரவுசர்லதான் ஒழுங்கா தொறக்கும். பதினொண்ணாவது ஷரத்து நம்மளக் கட்டுப்படுத்துதுன்னு தெரிஞ்சா அவங்க பூட்டும் வாங்க மாட்டாங்க, டீயும் குடிக்க மாட்டாங்க. இதை எல்லா கம்ப்யூட்டர்லயும் ஏத்தினது யாரு?”

“நான்தான் மேடம். சனிக்கிழமை சாயங்காலம். ஏத்தி மட்டும் வச்சேன். ‘ஒப்புக்கொள்கிறேன்’ கேள்வியோட அப்படியே நிறுத்திட்டேன். ஷரத்து சார் சரின்னதும் ஆளுக்கொரு தட்டு தட்டினாப் போதும்னு...”

“யாரு சொல்லி?”

கம்ப்யூட்டர்க்காரன் மெதுவாகத் திரும்பினான். கதவோரம் நின்ற விற்பனை மேனேஜர் மேலே சுழலும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவனுக்கு அவர் மச்சான். மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அதை வாரம் இரண்டு முறை ஞாபகப்படுத்துபவர்.

“எல்லாம் ஒத்துக்கிட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னும் கேள்வியோட நிக்குது” என்றார் முதலாளியம்மா. “அது யாரோடது?”

“என்னோடது மேடம்.”

பென்சில் முனை உடைந்தது.

“அடுத்தவன் தலையில கல்லைப் போட்டுட்டு உன் தலைக்கு மட்டும் ஹெல்மெட் மாட்டிக்கிட்ட. அப்படித்தானே?”

“இல்ல மேடம்...”

“பத்தரைக்குள்ள ஆளைக் கொண்டா. இல்லன்னா ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டா. இதுல எதைக் கொண்டாந்தாலும் எனக்கு சம்மதம்.”

மணி ஒன்பது நாற்பது.

---

“மச்சான், உண்மையச் சொல்லுங்க. நீங்க அமுக்குனீங்களா?”

“மாப்ளே, எனக்குப் புதுப் பிரவுசர் வேணும்தான். பழசுல ஆர்டர் பக்கம் தொறக்குறதுக்குள்ள வாங்க வந்தவனுக்குத் தாடி மொளைச்சிடுது. ஆனா நான் இல்ல. எத்தனை மணிக்கு அமுக்கியிருக்கு?”

கம்ப்யூட்டர்க்காரன் குறித்து வைத்திருந்த தாளைப் பார்த்தான். “ஏழு பன்னெண்டுல ஆரம்பிச்சு ஏழு நாப்பத்து மூணு வரைக்கும். நிமிஷத்துக்கு ஒண்ணு.”

“காலையிலயா?”

“காலையில.”

“அப்ப நான் தப்பிச்சேன். நான் ஏழு மணிக்கு முழிச்சிருந்ததா சரித்திரமே கிடையாது. உன் பொண்டாட்டியக் கேளு. என்னோட ஒரே வீட்டுல வளந்தவ, சாட்சி சொல்லுவா.”

அது உண்மைதான். அவள் கல்யாணத்துக்கே அண்ணன் பந்தி முடிந்துதான் வந்து சேர்ந்தார்.

“ராஜினாமாவுல என் பேர எழுதிடாத மாப்ளே” என்றார் மச்சான் பரிவோடு. “வேலை போச்சுன்னா ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுக்கும் வராத. மனசு கஷ்டமாயிடும். எனக்கு.”

கம்ப்யூட்டர்க்காரன் தன் இடத்துக்கு வந்து சாய்ந்தான்.

வீட்டுக்கு வாடகை, பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் மேலாக மச்சானின் ஆறுதல். மூன்றையும் ஒருசேரத் தாங்க முடியாது. கடிதம் தட்டலாம் என்று கீபோர்டில் கை வைத்தான்.

விரல் அழுக்கானது.

அவன் விரலைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். தூசி! விரலால் எழுதினால் தெளிவாகப் படிக்கிற அளவுக்குத் தூசி.

எழுந்தான். பக்கத்து மேஜையைத் தடவினான். பளிச்! அதற்கடுத்தது... பளிச்! ஷரத்து சாரின் கீபோர்டை முகர்ந்து பார்த்தான். சோப்பு வாசம்.

முப்பத்திரண்டு கீபோர்டு சுத்தம். ஒன்று அழுக்கு.

முப்பத்திரண்டு கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது. ஒன்று ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் ஓடினான்.

---

துடைப்பம் வைக்கும் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார் சுத்தம்மா. கம்பெனியைப் பதினாறு வருஷமாகக் கூட்டித் துடைப்பவர். சுத்தம்மா என்பது ஆபீஸ் வைத்த பெயர். உண்மைப் பெயரைக் கேட்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

“அக்கா, இன்னிக்குக் காலையில ஏழு பன்னெண்டுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“என்னப்பா போலீஸ்காரன் மாதிரி கேக்குற? யாராவது செத்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“திங்கக்கிழமை. கீபோர்டு தொடைச்சேன். ஈரத்துணியால, அழுத்தி. தொடைக்கும்போது மெஷினை அணைக்கவும் கூடாதாமே. நீ சுவத்துல ஒட்டின நோட்டீசுலதான் போட்டிருக்கு, கீழ உன் கையெழுத்து பெரிசா இருக்கு.”

அழுத்தித் துடைத்தால் என்டர் பொத்தானும்தான் அழுந்தும். என்டர் அழுந்தினால் ‘ஒப்புக்கொள்கிறேன்’.

“என்னோடத மட்டும் ஏங்க்கா விட்டீங்க?”

“ஆறு மாசம் முன்ன உன் ஒயரைப் புடுங்கி என் தூசி உறிஞ்சுற மெஷினைச் சொருகுனேன்னு கத்துனியே. ‘என் டேபிள் பக்கமே வராதீங்க’ன்ன. வரல. எனக்கும் ரோஷம் இருக்குல்ல?”

அவன் நடந்ததைச் சொன்னான். பதினோராவது ஷரத்து, பேங்க், ராஜினாமா.

“அப்ப நீ என்னைக் காட்டிக்குடுத்தா என் வேலை போயிடும். காட்டிக்குடுக்கலைன்னா உன் வேலை போயிடும்.”

“ஆமாக்கா. நான் கடிதம் எழுதிடுறேன். நோட்டீஸ் என்னோடதுதானே.”

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஷரத்து சார் அந்த நாப்பது பக்கத்தையும் படிச்சிட்டாராமா?”

“வரிக்கு வரி படிச்சேன்னுதான் சொல்றார்.”

“அப்படியா.” சுத்தம்மா எழுந்து ஏப்ரன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “வா. நானே வந்து பேசுறேன். நீ வாயத் தொறக்காத.”

---

மணி பத்து இருபத்தெட்டு.

“நான்தான் அமுக்குனேன்” என்றார் சுத்தம்மா.

முதலாளியம்மா பென்சிலைக் கீழே வைத்தார். காதோரம் இன்னும் ஒரு ரோஜா இதழோடு ஷரத்து சார் நிமிர்ந்தார்.

“எதுல அமுக்குனீங்கன்னு தெரியுமா?” என்றார் முதலாளியம்மா.

“தெரியாம என்ன? ஷரத்து சார் மேஜையில மூணு வாரமா கெடந்துச்சே. தரை காயிற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கேன். அதான் இருபத்தேழாவது ஷரத்துலயே போட்டிருக்கே. யார் அமுக்குறாங்களோ, லைசென்ஸ் அந்த ஆளுக்கு மட்டும்தான். கம்பெனிக்கு இல்ல.”

முதலாளியம்மா திரும்பினார். “அப்படியா சார்? நீங்க படிச்சீங்கல்ல?”

ஷரத்து சாரின் நெற்றியில் ஒரு வேர்வைத் துளி கிளம்பி, புருவத்தில் நின்று யோசித்து, கீழே இறங்கியது.

“இருபத்தேழா? ஆமா மேடம். அப்பவே அடிக்கோடு போட்டேன்.”

“அப்ப பதினொண்ணாவது?”

“அதுவும் என்னைத்தான் கட்டுப்படுத்தும்” என்றார் சுத்தம்மா. “நான் தட்டினதை அவங்க உலகம் பூரா காட்டிக்கலாம். நான் என்னத்தத் தட்டினேன்? தொடைச்சேன். காட்டட்டும்.”

“அப்படின்னா நாங்க அந்தப் பிரவுசரை உபயோகிக்கலாமா?”

“என் அனுமதியோட. எழுத்து மூலமா. இருபத்தேழு, உட்பிரிவு ஆ.”

“உட்பிரிவு இ-யும் சேத்துப் படிக்கணும் மேடம்” என்றார் ஷரத்து சார். உற்சாகம் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.

கம்ப்யூட்டர்க்காரன் வாயைத் திறக்கவில்லை. மூடவும் முடியவில்லை.

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “என்ன வேணும் உங்களுக்கு?”

சுத்தம்மா ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு தாள்களை எடுத்தார். மடிப்புகள் நைந்திருந்தன.

“ரெண்டு வருஷமா இதை இந்த ஆபீஸ்ல ஒவ்வொருத்தர்கிட்டயா குடுத்துட்டிருக்கேன். ஒருத்தரும் படிக்கல. என்னோட இந்த ஷரத்துக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா பிரவுசருக்கு அனுமதி.”

“மேடம், ஒரு தடவ படிச்சிட்டு...” என்று எழுந்தார் ஷரத்து சார்.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“ரெண்டு பக்கம்தானே. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

பேங்க்காரர்களின் கார் அரை மணி முன்னதாகவே வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

முதலாளியம்மா படிக்காமல் கையெழுத்துப் போட்டார்!

---

பன்னிரண்டு மணிக்கு பேங்க்காரர்கள் டீயும் குடித்தார்கள், ஆர்டரும் போட்டார்கள். பிரவுசர் வழுக்கிக்கொண்டு ஓடியது. மச்சான், ஐடியாவே தன்னுடையது என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர்க்காரனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன் திரையில் இன்னும் ஒப்புக்கொள்ளாமல் நின்ற விதிமுறைகளை உருட்டினான். இருபத்து நாலு... இருபத்தைந்து... இருபத்தாறு...

முற்றும்!

இருபத்தேழாவது ஷரத்தே இல்லை.

அப்படியானால் பூட்டின் வரைபடம்? பதினோராவதற்குத் தாவினான். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு:

‘வியாபார நிறுவனங்கள் இந்தப் பிரவுசரை ஏற்கத் தயங்கியதால் இந்த ஷரத்து நீக்கப்பட்டது.’

தேதி இரண்டு வாரத்துக்கு முந்தியது. ஷரத்து சாரின் அச்சுப் பிரதி மூன்று வாரத்துக்கு முந்தியது. உயிரோடு இல்லாத ஒரு ஷரத்தைப் பார்த்து அந்த மனிதர் மயங்கி விழுந்திருக்கிறார்!

அவன் துடைப்ப அறைக்கு நடந்தான். வழியில் முதலாளியம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையின் ஓரமாகச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தார். அது சுத்தம்மாவின் தாளில் முதல் ஷரத்து. மச்சான் தன் டீக் கோப்பையைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். அது இரண்டாவது.

“அக்கா, இருபத்தேழே இல்லையேக்கா.”

“இல்லையா?” சுத்தம்மா துணியைப் பிழிந்து ஒன்றை அவன் கையில் கொடுத்தார். “இந்தா, மொதல்ல உன் கையத் தொடை. ஒரே தூசி.”

“நாப்பது பக்கமும் படிச்ச மாதிரி பேசுனீங்களே?”

“நான் எங்கப்பா படிச்சேன்? மூணு வாரமா தெனம் அந்த மேஜையத் தொடைக்கிறேன். ஒன்பதாம் பக்கத்துல அவர் டீ வச்ச வட்டம் இருக்கு. வட்டத்து மேல வட்டமா இருபது வட்டம். பத்தாம் பக்கம் அப்படியே புதுசா இருக்கு. படிக்காத மனுசன்கிட்ட எந்த நம்பரச் சொன்னா என்ன? படிக்கலைன்னு ஒத்துக்கவா போறாரு?”

பேச்சு சுவாரசியத்தில் அவன் துணியோடு நடந்து, தன் மேஜைக்கே வந்து, கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். கூடவே வந்த சுத்தம்மா அந்தத் தாள்களை அவன் முன்னால் விரித்தார். கடைசி வரி:

‘இனி திங்கட்கிழமைதோறும் எல்லாக் கீபோர்டுகளையும் கம்ப்யூட்டர்க்காரரே துடைக்க வேண்டும்.’

“அக்கா, நான் இதுக்கு ஒத்துக்கவே இல்லையே.”

சுத்தம்மா அவன் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தார்.

“உபயோகிக்க ஆரம்பிச்சாலே ஒத்துக்கிட்ட மாதிரிதான் தம்பி. அது மட்டும் அந்த நாப்பதுல மொத பக்கத்துலயே இருந்துச்சு. அதைப் படிச்சேன்.”