பின்வாசல் பலகை

ஆணி இறங்கிய சத்தம் அடங்கியதும், உள்ளே இருந்து ஒரு தட்டு கேட்டது.

கஜீவன் முதலில் அதை எதிரொலி என்றுதான் எடுத்துக்கொண்டான். ட்ருகனினாப் புறநகரின் அந்தப் புதுக் குடியிருப்பில் பாதி வீடுகள் இன்னும் கூரை மட்டும் போட்ட மரக்கூடுகளாகவே நின்றன. மேற்கே மரம் மட்டை எதுவுமில்லாத வெளியிலிருந்து வரும் காற்று அந்தக் கூடுகளுக்குள் புகுந்து, ஈரமான பைன் மரத்தின் வாசனையைக் கிளப்பிக்கொண்டு மறுபக்கத்தால் வெளியேறும். அங்கே எந்தச் சத்தமும் இரண்டு மூன்றாக உடைந்து திரும்பி வருவது வழக்கம்தான். ஆனால் எதிரொலி தூரத்திலிருந்து வரும். இது பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவன் ஆணி அடித்த அதே இடத்திலிருந்து, யாரோ விரல் முட்டியால் தட்டியது போல வந்தது. அவன் ஒரு சாண் தள்ளி அடுத்த ஆணியை இறக்கினான். தட்டும் ஒரு சாண் தள்ளிக் கேட்டது.

அவன் போய்ப் பார்க்கவில்லை. வேலையைத் தொடர்ந்தான்.

அது அவர்களுடைய சொந்த வீடு. கிழமை நாட்களில் மற்றவர்களுடைய வீடுகளுக்கு மரச்சட்டம் நிறுத்திச் சுவர் மூடும் கஜீவன், சனிக்கிழமைகளில் தன் வீட்டைக் கட்டினான். யன்னல்கள் வந்து சேர இன்னும் ஒரு கிழமை ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை மழை உள்ளே அடிக்காமலும் சாமான்கள் களவு போகாமலும் இருக்க, யன்னல், வாசல் என்று பாராமல் வெளிச்சுவர் முழுவதற்கும் ப்ளைவுட் பலகை அடித்துவிட்டு, பிறகு வேண்டிய இடங்களை அளந்து வெட்டித் திறப்பது அவன் பழகிய முறை. வானம் இருண்டுகொண்டு வந்தது. இனிப் பின்வாசல் மட்டும்தான் மிச்சம்.

தட்டுச் சத்தம் அவனைப் பயப்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயம் வேறு யாருக்கோ நடப்பது போல, கண்ணாடிக்கு அப்பால் நின்றது. பங்குனியில் அப்பா போன நாளிலிருந்து எல்லாமே அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் நடந்த காரியத்தை, வேலைத்தளத்தில் மரக்குவியலின் மேல் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தான். கொள்ளி வைக்கிற நேரம் படம் உறைந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ஆணி அடிக்கும் நெயில் கன்னை எடுத்தான். அன்று எடுத்ததை இன்னும் கீழே வைக்கவில்லை என்பது போலத்தான் அவனுக்கு இருந்தது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. லக்சிகா. பக்கத்துக் களஞ்சியசாலையில் பகல் வேலை முடித்து, ஒளிரும் மஞ்சள் மேற்சட்டையோடு, நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி அழிந்தபடி வந்தாள். கையில் பிளாஸ்க்.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி. ரெண்டு கரண்டி சீனி போட்டனான், வீட்டுச் சொந்தக்காரர் எண்ட மரியாதைக்கு."

"ம்."

"ம் எண்டால் என்ன? நல்லாயிருக்கு எண்டு சொல்லவும் ஆணி வேணுமோ?"

முன்பென்றால் சிரித்திருப்பான். சிரிப்பு வரும் என்று அவளும் ஒரு கணம் காத்திருந்தாள். வராததால், அவன் கழுத்துத் துணியை இழுத்து ஒழுங்காகச் சுற்றிவிட்டாள். அவன் அதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ளுக்கை ஒருக்கா பாத்தனீங்களோ?"

"ஒண்டுமில்லை."

"இருக்கோ இல்லையோ எண்டு கேக்கேல்லை. பாத்தனீங்களோ எண்டு கேட்டனான்."

அவன் தேநீரைக் குடித்தான். முன்பு ஒருமுறை, யாரோ ஒருவருடைய வீட்டில் தெரியாமல் ஒரு பூனையை வைத்து மூடிவிட்டான். அது கத்திக் கத்திக் குரல் போன பிறகுதான் தெரிந்தது. அன்று பலகையைக் கழற்றிப் பூனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதவள் லக்சிகா. அதற்குப் பிறகு கடைசிப் பலகைக்கு முன் உள்ளே ஒரு தரம் போய், "ஆரும் இருக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அவனும் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டு வந்தான். பங்குனிக்குப் பிறகு கேட்பதில்லை.

அந்தத் தட்டைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு சொல் போதும். சொன்னால் அவள் நின்று யோசிப்பாள், இருவருமாகப் போவார்கள், கையில் வெளிச்சம் இருக்கும். ஆனால் அந்த இரண்டு சொல்லைத் தூக்கி நாக்கில் வைப்பதுகூட அவனுக்கு ஒரு வேலையாக இருந்தது.

"சரி, நான் பாத்திட்டு வாறன்," என்றாள் லக்சிகா. "அதுக்கிடையில என்னை வைச்சு மூடிப்போடாதேங்கோ. பிறகு ஆர் உங்களுக்குச் சோறு தாறது?"

தொலைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு பின்வாசலால் உள்ளே போனாள். அவளுடைய வேலைச் சப்பாத்துகள் கொங்கிறீட் நிலத்தில் மரத்தூளை நெரித்துக்கொண்டு போவது கேட்டது. வெளிச்சம் நிமிர்ந்து நின்ற சுவர்ச் சட்டங்களுக்கிடையால் வரிவரியாக ஓடி, பிறகு மங்கியது. "பூஸ், பூஸ்," என்று கூப்பிட்டாள். "குசினியில ஒண்டுமில்லை!" குரல் இன்னும் உள்ளே போனது. "சாமியறையும் சரி!"

காற்று நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு வீட்டின் உட்கோடியிலிருந்து, தெரியாத ஒருவரோடு பேசும்போது வரும் மரியாதையான குரலில், லக்சிகா சொன்னாள்.

"ஐயோ, ஏன் இந்த இருட்டுக்குள்ள நிக்கிறீங்கள்?"

கொஞ்சம் இடைவெளி. யாரோ பதில் சொல்வதற்கு விட்டது போல.

"குளிருதோ? வாங்கோ, வெளியில சூடாத் தேத்தண்ணி கிடக்கு."

இருட்டில் நிற்கிற ஒருவரைக் குளிருதோ என்று கேட்கப் பெரிய மனது வேண்டியதில்லை. அந்தப் பக்கம் திரும்பினால் போதும். அவள் என்றைக்கும் திரும்புகிறவள்.

கஜீவன் பிளாஸ்க்கைக் கீழே வைத்தான். "லக்சி?"

பதில் இல்லை. விளக்கு வெளிச்சமும் இல்லை. வாசலில் ஒரு காலை வைத்தான். உள்ளே பைன் வாசனைக்கு மேலாக, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் புழுங்கல் மணம் வந்தது. போன சனிக்கிழமைதான் கூரை போட்ட வீடு அது. போ, என்று தனக்குச் சொன்னான். போ. மற்றக் கால் எழவில்லை.

"என்ன பாக்கிறீங்கள்?"

குரல் பின்னாலிருந்து வந்தது. வெளியிலிருந்து.

லக்சிகா வீட்டின் மூலையைச் சுற்றி, நனைந்த களிமண்ணில் நடந்து வந்தாள். மஞ்சள் மேற்சட்டை. பாதி அழிந்த திருநீறு. அவன் அருகில் வந்து நின்றாள்.

"எப்பிடி வெளியில வந்தனீர்?"

"வந்திட்டன்தானே."

முன்பக்கம் மூடியாயிற்று. இரண்டு பக்கமும் மூடியாயிற்று. அவனே மூடினான். இந்த வாசலைத் தவிர வேறு வழி இல்லை.

"உள்ளுக்கை ஆரோட கதைச்சனீர்?"

"ஒருதரும் இல்லை. மூடுங்கோ."

அவன் வாயிலிருந்து மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் வாய்க்கு முன்னால் எதுவும் இல்லை. பேசும்போதும் இல்லை.

பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. தூக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். அந்த அறிவும் அந்தக் கண்ணாடிக்கு அப்பாலேயே நின்றது. கைகள் பழக்கத்தில் குனிந்து பலகையைத் தூக்கின. வாசலுக்கு நேரே நிறுத்தின. விளிம்பைச் சட்டத்தோடு சேர்த்தன. இருட்டு ஒரு கோடாகி, கோடும் இல்லாமல் போனது.

உள்ளே சப்பாத்துச் சத்தம்.

ஓடி வருகிற சத்தம்.

"இஞ்சாருங்கோ! பொறுங்கோ, நான் இன்னும் வரேல்லை!"

லக்சிகாவின் குரல். மூச்சு வாங்கியது. அதற்குப் பின்னால், அவசரமில்லாமல், இன்னொரு நடை.

"கஜீவன்! இது மனிசர் இல்லை... கஜீவன், திறவுங்கோ!"

பக்கத்தில் நின்றவள் குனிந்து நெயில் கன்னை எடுத்தாள். லக்சிகா அதை ஒரு நாளும் தொட்டதில்லை. சத்தத்துக்கே காதைப் பொத்துகிறவள். இவள் அதன் கனத்தை ஒரு கையில் இலகுவாக ஏந்தி, பலகையின் மேல் மூலையில் வைத்தாள்.

"நல்லாப் பிடியுங்கோ," என்றாள்.

அவன் பிடித்திருந்தான்.

முதல் ஆணி. அடுத்தது.

விடு. பலகையை விடு. கைகளுக்குக் கேட்கவில்லை.

உள்ளே குரல் நின்றுவிட்டது. பலகையின் அந்தப் பக்கத்தில், அவனுடைய வலது கைக்கு நேரே, ஒரு கை வந்து பதிந்தது. மெல்லிய பலகை. ஐந்து விரல்களின் அழுத்தமும் தெரிந்தது. சூடு தெரிந்தது. அடிக்கவில்லை, தள்ளவில்லை. அவனுடைய கை அங்கேதான் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தவளைப் போல, அப்படியே வைத்திருந்தாள்.

பக்கத்தில் நின்றவள் ஒரு சாணுக்கு ஓர் ஆணியாக, நேர்கோட்டில், அவன் கைகளைச் சுற்றி அடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.