பல் பிடுங்கின இடம்

மில்லிக்கன் பகுதியிலிருந்த வீட்டின் வாசலில் கார் வந்து நின்றபோது றோசலினின் வலது கன்னம் இன்னும் விறைத்துப்போய்த்தான் இருந்தது. வாய்க்குள் பஞ்சு. நாக்கில் இரத்தத்தின் உப்பு. நல்ல பகல்தான், ஆனாலும் மாசி மாதத்து வானம் வெள்ளைத் துணி போட்டு மூடினது போலக் கிடந்தது. எங்கும் வெளிச்சம், ஒரு நிழல் இல்லை.

“நீர் போய்ப் படுத்திரும். ஞானப்பல்லுப் பிடுங்கின காயம் ஆறுமட்டும் கனக்கக் கதைக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்,” என்றான் டெனிஸ்டன். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டிலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

அவனுக்கு மனைவியாக அந்த வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அது கிளடிஸின் வீடு. கிளடிஸ் அவனோடு ஒரே வகுப்பில் படித்து, காதலித்துக் கட்டியவள். திடீரென்று வந்த ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். குசினிச் சுவர்த் தட்டுகள் எல்லாம் உயரமான ஒருத்தியின் கைக்கு எட்டும்படிதான் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு கோப்பை எடுப்பதற்கும் றோசலின் ஸ்டூலில் ஏற வேண்டும். உயிரோடு இருக்கிறவளென்றால் சண்டை பிடிக்கலாம். செத்தவளோடு என்ன செய்வது? அவளுக்கு வயது போகப்போவதில்லை, அவள் சமைத்தது இனி ஒருநாளும் கரியப்போவதில்லை.

டெனிஸ்டன் நல்லவன். றோசலினை மரியாதையாக ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில், “நீ எங்கையடி போனனீ?” என்று அவன் முனகியதை அவள் கேட்டிருக்கிறாள். அந்த ‘நீ’ அவளுக்கு உரியதல்ல. அதிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று புழுப்போல அரித்துக்கொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்தவளுக்குக் கராம்பு மணத்தது.

முதலில் மெல்லியதாக. பிறகு தலையணைக்குள்ளிருந்து எழும்புவதுபோல. வீட்டில் கராம்பு வாங்கியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

பின்னேரம் வீடு வந்தவனிடம் அதைச் சொன்னாள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

“கிளடிசுக்குப் பல்லுக்கொதி வந்தால் கராம்புதான் வைப்பாள். கடைவாயிலை புழு அரிச்ச ஒரு சூத்தைப் பல்லு. கடைசிமட்டும் பிடுங்க விடேல்லை, பயந்தாங்கொள்ளி.”

சொல்லும்போது அவன் சிரித்தான். றோசலினுக்குக் காயம் விண்ணென்று தெறித்தது. என் பல்லுக்கொதிக்குள்ளும் அவள்தானா?

வீக்கம் வற்றியது. வலி வற்றவில்லை. யாரோ ஒரு விரல் நுனியால் அந்தக் குழிக்குள் தடவித் தடவி இடம் பார்ப்பது போன்ற வலி. பல் டொக்டர் ஜெனாட் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பொடியன். “குழி வடிவா ஹீல் ஆகுது அக்கா. இன்ஃபெக்ஷன் ஒண்டும் இல்லை. கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் இருக்கும்,” என்று அனுப்பிவிட்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டெனிஸ்டன் வாசலில் பனி வழித்துவிட்டு உள்ளே வந்தான். கஞ்சி கிண்டிக்கொண்டு நின்ற றோசலின், சாப்பிடுறீங்களோ என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

“டெனி, கையெல்லாம் விறைச்சுப் போச்சேடா. வா, வந்து சாப்பிடு.”

தடித்த குரல். அடியில் ஒரு சிரிப்பு.

அவளுடைய குரல் அல்ல.

டெனிஸ்டனின் கையிலிருந்த கையுறை நழுவி விழுந்தது. அவன் கிட்ட வந்து, மிக மெதுவாக, “திருப்பிச் சொல்லு,” என்றான்.

சொல்லும் அல்ல. சொல்லு.

அதன் பிறகு அவன் வேலையிலிருந்து வழக்கத்தைவிட வேளைக்கே வீடு வரத் தொடங்கினான். அவள் காலடியில் குந்தியிருந்து கண்ணை மூடிக்கொண்டு, “ஏதாவது கதை,” என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். கடிக்கக் கடிக்க வலி ஏறும். தாடை தானாகத் திறக்கும். அவள் அறியாத பள்ளிக்கூடமும், அவள் நனையாத மழையும் அவள் வாயிலிருந்து கதையாக வந்தன. அவன் சிரித்தான், அழுதான். அவளோடு அவன் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவளுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல்.

ஒருநாள் காலை முகம் கழுவும்போது நாக்கில் ஏதோ கரகரவென்று தட்டுப்பட்டது.

ஃபோன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்த்தாள். பிடுங்கின இடத்தில் ஒரு பல். பழுப்பு நிறம். நடுவில் கறுப்பாய்க் குடைந்த பள்ளம்.

ஜெனாட் புது எக்ஸ்ரே படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டான்.

“நான் முழுசா எடுத்தனான் அக்கா. நீங்களும் பாத்தனீங்கள்தானே. உது… உது உங்கட பல்லில்லை. வேரே வேற மாதிரிக் கிடக்கு.” குரலைத் தாழ்த்தினான். “எடுக்கட்டோ?”

“வேண்டாம்,” என்றான் பக்கத்தில் நின்ற டெனிஸ்டன்.

றோசலின் திரும்பிப் பார்த்தாள்.

“உது இருக்கட்டும் றோசலின். நோகுமெண்டு எனக்குத் தெரியும். நோவுக்குக் குளிசை விழுங்கலாம். கொஞ்சம் பொறுக்கேலாதோ?”

“ஆரைக் கேக்கிறீங்கள்? என்னையோ, அவளையோ?”

அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பிடுங்குங்கோ,” என்றாள் அவள்.

அந்தப் பல் லேசில் அசையவில்லை. இடுக்கி பிடித்து இழுக்க இழுக்க, றோசலினின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். றோசலினின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. டெனிஸ்டன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கடைசியில் தட்டில் விழுந்த பல், நனைந்த சுண்ணாம்புபோல உதிர்ந்து போனது.

இந்த முறை காயம் சட்டென்று ஆறியது. குரலும் அவளுடையதாகவே இருந்தது. ஆனால் அதைக் கேட்க டெனிஸ்டன் விரும்பவில்லை. ஓம், இல்லை என்றதோடு சரி. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கீழே பேஸ்மென்ட்டுக்குப் போய்விடுவான். இழவு கொண்டாடுகிறான், போகப்போகச் சரியாகிவிடும் என்று பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியாத ஒரு பின்னேரம், படிக்கட்டில் நின்று, குரலைத் தடிப்பாக்கி, “டெனி, சாப்பிட்டியோடா?” என்றாள்.

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அணைந்தது.

“நீர் அப்பிடிக் கூப்பிட வேண்டாம்,” என்றான்.

அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. எதற்கும் தலையசைப்புத்தான்.

பனியில் வெயில் பட்டுக் கண் கூசிய ஒரு காலையில், கீழேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் மாறி மாறிக் கதைக்கிற சத்தம். நடுவில் சிரிப்பு.

றோசலின் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பேஸ்மென்ட்டில் டெனிஸ்டன் தனியாகத்தான் இருந்தான். கன்னத்தைக் கையில் தாங்கியிருந்தான். அந்தக் கன்னம் வீங்கியிருந்தது.

“பல்லுக்கொதியோ?” என்றாள் றோசலின். “டொக்டரிட்டைப் போவமே?”

அவன் திரும்பினான். கண்கள் இரண்டிலும் அப்படியொரு சந்தோஷம். உதடுகள் மெல்லப் பிரிந்தன.

“அவனுக்கு நோகேல்லைத் தங்கச்சி,” என்றாள் கிளடிஸ்.