இரண்டு ஊருக்கும் வந்துவிட்டோம்

வாஷ்பேசினில் பற்பசை நுரை கிடந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். இளஞ்சிவப்பு நுரை. பீங்கானின் ஓரத்தில் வழிந்து இறங்கியிருந்தது. அடியில் குமிழ்கள் இன்னும் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. குழந்தைகளுக்கான பற்பசைக்கே உரிய அந்தத் திகட்டும் பழவாசனை குளியலறை முழுக்க நிறைந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டைப் பூட்டியது அவள்தான். சாவி அன்றிலிருந்து கணவனின் பையில் இருக்கிறது. இன்று வந்து சற்று நேரம்தான் ஆகிறது. பிள்ளைகள் இன்னும் வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இங்க கொஞ்சம் வாங்களேன்,” என்றாள்.

“இரு, இந்த ஜன்னல்ல காத்து நல்லா வருது.” கணவனின் குரல் கூடத்திலிருந்து வந்தது. “ஆனா கீழ வீட்ல வெளிச்சம் அதிகம், இல்ல?”

எதற்காகக் கூப்பிட்டோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு அவளுக்கு எரிச்சல் மூண்டது. கோடை முழுக்க இதே பாட்டு. மேட்டில் ஓர் ஊர், பள்ளத்தில் ஓர் ஊர், நடுவில் ஒரு கால்வாய். கால்வாய்க் கரையில் இருக்கும் குடிநீர் நிலையத்தில்தான் கணவன் வேலைக்குச் சேரப்போகிறான். இரண்டு ஊரிலிருந்தும் அது ஒரே தூரம். அதுதான் வினையாகப் போயிற்று. ஏதாவது ஒன்று கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் பேச்சு அன்றைக்கே முடிந்திருக்கும். மேட்டு ஊரில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பள்ளத்து ஊரில் ஆஸ்பத்திரி பக்கம், ஆனால் சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கிறது. வீட்டில் அந்த ஊர்களுக்கு மேலே, கீழே என்றே பெயர் நிலைத்துவிட்டது. சாப்பிட உட்காரும்போது மேலே என்று முடிவாகும், கை கழுவி எழும்போது அது கீழே ஆகியிருக்கும். கணவனுக்கு அவள் தராசு என்று பட்டப்பெயர் வைத்தாள். ஆத்திரத்தில் வைத்த பெயரை அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டதுதான் அவளால் தாங்க முடியாதது.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். எதையும் ஒத்திகை பார்த்துவிட்டுச் செய்வது அவள் பழக்கம். மகளை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்பு, வீட்டிலேயே மணியடித்து, பையை மாட்டி, சாப்பாட்டு மேசையை வகுப்பறையாக்கிப் பழக்கியவள். அதே போல, இரண்டு வீட்டுக்காரர்களிடமும் சாவி வாங்கி, போன வாரம் சனிக்கிழமை இரவு மேலேயும் ஞாயிற்றுக்கிழமை பகல் கீழேயும் குடும்பத்தோடு இருந்து பார்த்தார்கள். சும்மா அல்ல. பாய், தலையணை, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாவற்றோடும். வழியில் அவள் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்:

“வெளாட்டா இருக்கக் கூடாது. இதுதான் நம்ம வீடு. யார் கேட்டாலும் வந்துட்டோம்னு சொல்லணும். மனசாரச் சொல்லணும். அப்பதான் பிடிச்சிருக்கா இல்லையான்னு தெரியும்.”

“ரெண்டு ஊர்லயும் சொன்னா ஒண்ணு பொய்தான?” என்று மகள் கேட்டாள். ஒன்பது வயது, வாயாடி என்றுதான் வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள்.

“பொய் இல்லடி. ஒத்திகை.”

பிள்ளைகள் மனசாரச் சொன்னார்கள். மேலே பால்காரரிடம் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பள்ளிக்கூட வாட்ச்மேனிடம்கூடப் போய்ச் சொன்னார்கள். கீழே தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார்கள். ஐந்து வயதுச் சின்னவன் ஒரு நாய்க்குட்டியிடம் சொன்னான். மேலே வீட்டைப் பூட்டித் திரும்பியபோது இரண்டும் அழுதன. கீழே பூட்டியபோதும் அதே அழுகை. கடைசியில் ஒத்திகையால் தெரியவந்தது ஒன்றுமில்லை. தராசு பழையபடி ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இன்று மறுபடியும், மத்தியான வெயிலில், மேட்டு ஊர் வீட்டின் இந்தக் குளியலறையில் அவள் நிற்கிறாள்.

கணவன் வந்து நுரையைப் பார்த்தான். “நம்ம பசங்களோடதா இருக்கும்.”

“ஒரு வாரமாவா காயாம இருக்கும்?”

“ஈரம் இந்த வீட்லயும் இருக்குன்னு அர்த்தம்,” என்றான். அவன் முகத்தில் கணக்கில் ஒன்று கூடிய திருப்தி. அவள் குழாயைத் திறந்து நுரையைக் கழுவிவிட்டாள். வேறென்ன செய்வது.

வாசலில் யாரோ பேசும் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, படியில் நின்றுகொண்டு, வாயாடியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எப்படிம்மா வெளிய வந்த? கதவு பூட்டியிருந்துச்சே?” அப்புறம் இவளைப் பார்த்ததும் குரல் மாறியது. “வந்துட்டீங்களா. நல்லா இருக்கும்மா உங்க கூத்து. வேலை எல்லாருக்கும்தான் இருக்கு. அதுக்காகப் பிள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டா போவாங்க?”

“யாரு? எங்க பிள்ளைங்களா?”

“பின்ன எம் பிள்ளைங்களா? சின்னவன் ராத்திரியெல்லாம் இருமுறான். எனக்குச் செவரு வழியா கேக்குது. மருந்து வாங்கி ஜன்னல் வழியா குடுக்கலாம்னு பாத்தா, அம்மா வராம கதவுகிட்டயே வரக் கூடாதுன்னு இந்தப் பெரிய மனுஷி உள்ள இருந்து சொல்றா.”

“அக்கா, நாங்க போன வாரமே ஊருக்குப் போயிட்டோம். பிள்ளைங்க எங்ககூடத்தான் இருந்தாங்க. நீங்க வேற யாரையோ…”

“எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

வாயாடி வாயைத் திறக்கவில்லை. அதுவே அவளுக்குப் புதிது. சின்னவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் நெற்றி குளிர்ந்திருந்தது. இருமல் சளி எதுவும் இல்லை. வரும் வழியெல்லாம் கத்திப் பாடிக்கொண்டு வந்தவன்.

அப்போது உள்ளே, பின்கட்டு அறையில், யாரோ இருமினார்கள்.

சின்ன நெஞ்சின் இருமல். தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல் மறுபடியும். அதைத் தொடர்ந்து ஓர் அதட்டல், “ஸ்ஸ்” என்று.

தையற்காரம்மா அந்த அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு இவள் இடுப்போடு ஒட்டி நின்ற பையனைப் பார்த்தாள். படியிறங்கித் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள். கணவன் பின்னால் வந்தான். கதவைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை.

“கீழேதான்,” என்றான் அவன், வண்டியை எடுத்தபடி. “முடிவு பண்ணிட்டேன். கீழே.”

இத்தனை நாளாக அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கியவள்தான். இப்போது வந்துவிட்டது. அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

கீழே இறங்க இறங்க வெயில் மங்கியது. கால்வாயின் பாசி வாசனையும் ஈரச் சுண்ணாம்பின் வாசனையும் கலந்து ஜன்னல் வழியாக வந்தன. தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகள் வண்டியைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். யாரும் கையசைக்கவில்லை. பள்ளத்து ஊர் வீட்டின் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கம்பியில் இரண்டு சின்னத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. போன வாரம் அவள் துண்டுகளை எண்ணி எடுத்து மடித்துப் பையில் வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் வண்டியிலயே இருங்க,” என்றாள் பிள்ளைகளிடம். “இறங்கக் கூடாது.”

இருவரும் தலையாட்டினார்கள். மிக ஒழுங்காக.

கணவன் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினான். பூட்டு திறந்துகொண்ட சத்தத்துக்கு உள்ளேயிருந்து பதில் போல வெறுங்காலடிகள் ஓடிவந்தன. இரண்டு ஜோடி. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. மரத்தின் வழியாக மூச்சு வாங்குவது கேட்டது.

“அம்மா?”

வாயாடியின் குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாயாடி காரில் இருந்தாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மூடியிருந்தன.

“அம்மா, எல்லார்கிட்டயும் வந்துட்டோம்னு சொல்லிட்டோம்,” என்றது கதவுக்குப் பின்னால் இருந்த குரல். “மனசாரத்தான் சொன்னோம். தம்பிக்குப் பசிக்குதாம். இனிமே வெளிய வரலாமா?”

“அக்கா, அம்மாவா அது?” சின்னவனின் குரல், கீழே, முழங்கால் உயரத்தில். “அம்மாதான? அம்மா வாசனை வருது.”

அவள் கை தானாகக் கதவின் கைப்பிடிக்குப் போனது. பசி என்ற சொல்லைக் கேட்டுப் போன கை. கணவன் அதைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பேசாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

காரில் ஏறினார்கள். சாவி திறந்த பூட்டிலேயே தொங்கியது. வண்டி கிளம்பியதும் உள்ளே ஓர் அழுகை வெடித்தது. அது சின்னவனின் அழுகை. அடம் பிடிக்கும்போது வரும் பொய்யழுகை இல்லை. காய்ச்சலில், ஊசியில், அவள் கண்ணிலிருந்து மறைந்துவிடும்போது வருவது.

“ரெண்டு ஊரும் வேண்டாம்,” என்றாள். “நம்ம வீட்டுக்குப் போங்க.”

“வேலை?”

“வேலையும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். போங்க.”

பின்சீட்டில் சத்தமே இல்லை. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். இவர்கள்தான் என் பிள்ளைகள். கையோடு கூட்டி வந்தவர்கள். இவர்கள்தான். மற்றது எதுவானாலும் என் பொறுப்பு இல்லை. மனசுக்குள் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் பசிக்குதாம் என்ற சொல் காதை விட்டு நகரவில்லை.

“அம்மா,” என்றாள் வாயாடி. வெகுநேரம் கழித்து வந்த முதல் பேச்சு. “எந்த வீட்டுக்குப் போறோம்?”

“நம்ம வீட்டுக்குத்தான்.”

“அதான், எது?”

மேலேயிருந்து வரும் சாலையும் கீழேயிருந்து வரும் சாலையும் கால்வாய்ப் பாலத்தில் சேர்கின்றன. அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. பாலம் ஒரு வண்டிதான் போகும் அகலம். எதிரே ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அது கடக்கும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். கணவன் வண்டியை ஓரம் கட்டினான். வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் வாடா, சீக்கிரம்,” என்று லாரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

மேட்டுச் சாலையில் புழுதி எழுந்தது. யாரோ ஓடி வருகிறார்கள். சின்னக் கால்கள். நடுவில் நின்று, குனிந்து, இருமி, மறுபடி ஓடும் கால்கள்.

பள்ளத்துச் சாலையிலும் அதே ஓட்டம். கையைக் கோத்துக்கொண்டு. ஈரத் தரையில் வெறுங்கால் பட்பட்டென்று.

“கதவ லாக் பண்ணுங்க.”

“லாரி போகட்டும்.”

“லாக் பண்ணுங்கன்னா.”

அவன் விரல் பொத்தானைத் தேடியது. தடவியது. அதற்குள் இடதுபக்கப் பின்கதவு திறந்தது. புழுதி வாசனை. வலதுபக்கம். பாசி வாசனை. யாரும் கத்தவில்லை. யாரும் அழவில்லை. சீட் அமுங்கியது. மறுபடி அமுங்கியது. “தள்ளி உக்காரு.” “நீ தள்ளு.” ஒரே குரல், தன்னோடு தானே. கார் முழுக்க மூச்சு.

லாரி கடந்து போனது. பாலம் காலி.

கணவன் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பினாள்.

ஆறு பிள்ளைகள். மடியில் மடியாக, தோளோடு தோளாக, நெருக்கி. மூன்று வாயாடிகள். மூன்று சின்னவன்கள். ஒரே சட்டை. ஒரே கோணல் வகிடு. அவள் காலையில் எடுத்துவிட்ட வகிடு. எல்லோர் காலிலும் புழுதி. எல்லோர் உதட்டிலும் வெடிப்பு. முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தவர்கள் எவர் என்று தேடினாள். நடுவிலா. ஓரத்திலா. தெரியவில்லை.

பெற்றவளுக்கு, தெரியவில்லை.

அவள் தேடுவது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்கள். யாரை இறக்கிவிடப் போகிறாள் என்று, மூச்சை அடக்கி, அவள் கண்ணையே பார்த்தார்கள்.

ஓரத்தில் இருந்த சின்னவன் மட்டும், அவளிடமிருந்து பார்வையை எடுக்காமலே கையை நீட்டி, திறந்திருந்த கதவைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துச் சாத்தினான்.